இடம் யாருக்கு? தமிழ்நாட்டுக் கல்லூரிச் சேர்க்கையின் வரலாறு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று தோன்றியபோது அதற்கென்று வகுப்பறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் வழியில், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே அது உருவாக்கப்பட்டது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. உள்ளே வரத் தகுந்தவர் யார் என்று சொல்வது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அதற்காக அது வைத்த வாசல்தான் மெட்ரிகுலேஷன் தேர்வு. மாணவரின் சாதி என்ன, ஊர் எது, தகப்பனார் தொழில் என்ன என்று அந்தத் தேர்வு கேட்கவில்லை. ஆங்கிலம் தெரியுமா, கணிதம் வருமா, எல்லாப் பாடத்திலும் தேறினாரா என்று மட்டுமே கேட்டது. இப்படிக் கேட்டது நியாயமாகத் தோன்றினாலும், ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி எந்த ஊரில் இருந்தது, அதற்குச் சம்பளம் கட்டக்கூடிய வீடுகள் எவை என்ற கேள்விகளை அது தொடவே இல்லை. பிந்தைய நூற்றைம்பது ஆண்டுச் சண்டைகள் அனைத்தும் இந்தத் தொடாத கேள்விகளிலிருந்தே கிளம்பின.

பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் நடத்திய கல்விக்கூடம் அவர்களை ஆங்கிலத்தில் முன்னமே தேற்றி அனுப்பியிருந்தது. நல்ல பள்ளி கிடைத்த இடத்திலிருந்துதான் நல்ல மாணவர் வருவார் என்பதற்கு அந்த முதல் பட்டமளிப்பே சான்று.

எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்ற விதி எவ்வளவு குருட்டுத்தனமானது என்பதைக் கும்பகோணம் கண்டது. 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறிய சீனிவாச ராமானுஜன் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்ததால் ஆங்கிலத்தில் தோற்று, உதவித்தொகையை இழந்தார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடி முயன்றும் கல்லூரியின் இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ.-வைத் தாண்ட முடியவில்லை. ஒரு பாடத்தில் ஒப்பில்லாதவர் இன்னொரு பாடத்தில் பின்தங்கினால் அவருக்கு உள்ளே இடமில்லை என்பதே அன்றைய விதி. 1913-ல், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. தன் விதியைத் தானே ஒதுக்கிவைத்த அந்த முடிவு பல்கலைக்கழகத்தின் பெருமைகளில் ஒன்று. ஆனால் அது ஒருவருக்குக் காட்டிய சலுகைதான். விதி மாறவில்லை.

பெண்களுக்கு வாசல் வேறு விதமாகத் திறந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ல் மேரி ஷார்லீபையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனிலேயே பெண்கள் மருத்துவம் படிக்க அல்லாடிக்கொண்டிருந்த காலம் அது. புதுக்கோட்டையில் மன்னரின் ஆதரவால் ஆண்கள் கல்லூரியில் இடம்பெற்ற முத்துலட்சுமி, 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து 1912-ல் பட்டம் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெண் ஒருத்தி கல்லூரிக்குள் போவதற்கு மதிப்பெண்ணைவிட, மன்னரோ மிஷனோ முதல்வரோ கொடுக்கும் இசைவே பெரிதாக இருந்தது.

கலைக் கல்லூரிகளில் இடத்துக்குத் தட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. தேர்வில் தேறி, சம்பளமும் கட்ட முடிந்தவருக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்தது. மருத்துவமும் பொறியியலும்தான் சிக்கல். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1835-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளி சென்னை மருத்துவக் கல்லூரி ஆனது. அந்த இடங்கள் சில நூறு மட்டுமே. தகுதியுள்ளவர் எண்ணிக்கை இடங்களின் எண்ணிக்கையைத் தாண்டிய நாளில், 'தேறினாரா' என்ற கேள்வி போய், 'தேறியவர்களில் யார்' என்ற கேள்வி வந்தது. பல்கலைக்கழகம் அதற்கு விடை வைத்திருக்கவில்லை. அரசு உள்ளே வந்தது.

நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்ததும் 1921-ல் முதல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. அரசு வேலைகளை மனத்தில் வைத்துப் போடப்பட்ட ஆணை அது. 1927-ல் அதற்கு ஒழுங்கான பங்கீடு வகுக்கப்பட்டு, எஸ். முத்தையா முதலியார் அமைச்சரான பின் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிச் சேர்க்கையிலும் இதே கோட்பாடு 1920களிலிருந்து நுழைந்தது. முதல்வர் தனியாக ஆள் பொறுக்கும் வழக்கம் குறைந்து, தேர்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பல்கலைக்கழகப் பட்டங்களிலும் அரசுப் பதவிகளிலும் மக்கள்தொகையில் சிறுபான்மையான பிராமணர் பெரும்பங்கு வகித்த நிலையைத் திருத்துவதே இதன் நோக்கம். மெட்ரிகுலேஷன் தேர்வு கேட்க மறந்ததை அரசாணை கேட்டது.

சுதந்திரத்தின்போது நடைமுறையில் இருந்த பங்கீடு இது: ஒவ்வொரு 14 இடத்துக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அன்று சென்னை மாகாண அரசிடம் நான்கு மருத்துவக் கல்லூரிகளும் அவற்றில் 330 இடங்களும் இருந்தன. நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395 இடங்கள். வெளிமாநிலத்தவருக்கும் அரசின் விருப்ப ஒதுக்கீட்டுக்கும் சில இடங்கள் போக, மீதியை மாவட்டங்களை நான்கு தொகுதிகளாக்கிப் பிரித்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் வகுப்புவாரிப் பங்கு. மருத்துவத்தில் பெண்களுக்கு 20 விழுக்காட்டுக்குக் குறையாத இடம். இத்தனை வரம்புக்கும் பிறகுதான் மதிப்பெண். ஒரு மாணவர் யாருடன் போட்டியிடுகிறார் என்பதை அவருடைய ஊரும் சாதியும் பாலும் முடிவு செய்தன. அந்தச் சிறு வட்டத்துக்குள் யார் முந்துகிறார் என்பதை மட்டும் மதிப்பெண் முடிவு செய்தது.

1950-ல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இருவர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஒருவர் செண்பகம் துரைராஜன். மருத்துவக் கல்லூரியில் பிராமணப் பெண்ணான தனக்கு இடம் கிடைக்காது என்று விசாரித்து அறிந்துகொண்டு வழக்குப் போட்டவர். விண்ணப்பம் போட்டிருந்ததாகவே தெரியவில்லை. இன்னொருவர் சி.ஆர். சீனிவாசன். கிண்டிப் பொறியியல் கல்லூரியை நாடிய அவர் இண்டர்மீடியட் தேர்வின் விருப்பப் பாடங்களில் 450-க்கு 369 எடுத்திருந்தார். வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்கு வழி வைத்த அரசமைப்புச் சட்டம் கல்விச் சேர்க்கைக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் அடிப்படை. தமிழகம் கொதித்தது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார். இரண்டே மாதத்தில், 1951 ஜூன் 18 அன்று, அரசமைப்பின் முதல் சட்டத் திருத்தம் வந்து, அதற்கு வழிசெய்யும் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. இன்று இந்தியா முழுவதும் கல்லூரிச் சேர்க்கையில் உள்ள இடஒதுக்கீட்டுக்கு வேர் சென்னை மருத்துவக் கல்லூரியின் வாசலில்தான் இருக்கிறது.

எனினும் பழைய ஏற்பாடு அப்படியே திரும்பவில்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் பங்கு என்பது போய், பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு, மற்றவை பொதுப்போட்டி என்றாயிற்று. பிற்படுத்தப்பட்டோர் பங்கு 25 விழுக்காட்டில் தொடங்கி, சட்டநாதன் குழுவின் அறிக்கைக்குப் பின் 1971-ல் 31 ஆகி, 1980-ல் 50 ஆனது. 1989-ல் அந்த 50-லிருந்து 20 விழுக்காடு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் தனியாகப் பிரிக்கப்பட்டது. பட்டியல் சாதியினரின் பங்கோடு பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் தனியே சேர்ந்ததும் மொத்தம் 69. மண்டல் வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் 50 விழுக்காட்டை உச்சவரம்பாக வைத்தபோது, 69-ஐக் காக்க மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. 1994-ல் அது ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

இடஒதுக்கீட்டைப் பற்றிய சத்தத்தில் மறந்துபோன இன்னொரு கதை நேர்முகத் தேர்வுடையது. 1950களிலும் 60களிலும் மருத்துவக் கல்லூரிக்கு மதிப்பெண் மட்டும் போதாது. மாணவர் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். 1970-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பெரியகருப்பன் வழக்கில் அந்த முறை முழுதாக வெளிச்சத்துக்கு வந்தது. நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியேயான சேவை, உடல்வாகும் தாங்குதிறனும், பொதுத்திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகளில் அதைப் பிரித்துப் போடவேண்டும் என்பது விதி. ஒரு மருத்துவரிடம் எதிர்பார்க்கத்தக்க குணங்கள்தான் இவை; காகிதத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை. நடந்தது வேறு. குழுக்கள் தலைப்புவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக ஒரு தொகையைப் போட்டுவிட்டிருந்தன. அதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதே காலத்தில் மாவட்டமும் நீதிமன்றத்தில் தோற்றது. மருத்துவ இடங்களை மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்த விதியை 1968-ல் பி. ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. உடனே அரசு வேறொரு வழி கண்டது. சென்னை நகரக் கல்லூரிகள் சேர்ந்து ஓர் அலகு, வெளியூர்க் கல்லூரிகள் தனித்தனி அலகு என்று பிரித்து, அலகுவாரியாகத் தேர்வு நடத்தியது. பெரியகருப்பன் வழக்கில் அதுவும் விழுந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்ற எண்ணம் வேரூன்றியது இப்போதுதான். பின்தங்கிய மாவட்டத்து மாணவருக்கான ஒரே பிடிமானம் போனதும் இப்போதுதான். நீதிமன்றம் சமத்துவத்தின் பெயரால் செய்ததன் விலை அது. 1990களின் பிற்பகுதியில் கிராமப்புறப் பள்ளி மாணவருக்கு 15 விழுக்காடு ஒதுக்கி, பின்னர் 25 ஆக உயர்த்தியபோதும் உயர் நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை.

நேர்முகத் தேர்வின் மீதான நம்பிக்கை நாடெங்கும் தேய்ந்துகொண்டிருந்தது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடமே செலவிட்டு, அதிலும் பெற்றோரைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கேட்டதாகப் புகார் வந்தது. நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-ல், நேர்முகத்தின் இடத்தில் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ பாட மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300 என்ற கணக்கு அப்போது பிறந்தது. 'கட்-ஆஃப்' என்ற சொல் வீட்டுச் சொல்லானது இந்தத் தலைமுறையில்தான். மாணவரின் முகத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்ப்பதே நியாயம் என்று சமூகம் முடிவு செய்துவிட்டது. சிபாரிசுக் கடிதத்துக்கும் மந்திரி வீட்டு வாசலுக்கும் அஞ்சிய பெற்றோர் அதை வரவேற்றதில் வியப்பில்லை. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கட்டுரையும் பரிந்துரையும் கேட்டு மாணவரின் 'முழு உருவத்தை' எடைபோடுகையில், தமிழ்நாடு அத்தகைய எடையை வேண்டாமென்று ஒதுக்கியது அறியாமையால் அல்ல. அதைச் சில பத்தாண்டுகள் அனுபவித்துப் பார்த்த பிறகு.

அதே 1984-ஐ ஒட்டிச் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. மதிப்பெண், சாதி, ஊர் என்று நீண்ட பட்டியலில் பணமும் வெளிப்படையாகச் சேர்ந்தது. இடத்துக்காக வசூலிக்கப்பட்ட கேபிடேஷன் கட்டணத்தைத் தடுக்க 1992-ல் மாநிலச் சட்டம் வந்தது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு இடங்களைக் கட்டணமில்லா இடம், கட்டண இடம் என்று பிரித்தது. 2005-ல் இனாம்தார் தீர்ப்பு, அரசு உதவி பெறாத கல்லூரிகளின் இடங்களை அரசு எடுத்துக்கொள்ள முடியாது என்றது. கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீடு நிலைத்துவிட்டது. 2010களில் பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டின. ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடந்தன. பொறியியலில் இடம் கிடைக்குமா என்ற கேள்வி மங்கி, எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் என்ற கேள்வியாக மாறியது.

அதற்கு விடை சொன்ன இடம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. தென்காசியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் அப்பா, அம்மா, மாமா சகிதம் இரவுப் பேருந்தில் வந்து இறங்கிய பிள்ளைகள், திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்தபடி தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். கணினி முன் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கச் சில நிமிடங்கள். கையில் ஒதுக்கீட்டு ஆணையுடன் வெளியே வருவார்கள். கண்முன்னே, எல்லாருக்கும் தெரியும்படி இடம் கொடுத்த அந்த முறை தமிழ்நாட்டு நிர்வாகத்தின் உண்மையான சாதனை. 2018-ல் அது இணையவழிக்கு மாறியது. இருவர் கட்-ஆஃப் சமமானால் கணித மதிப்பெண், அதுவும் சமமானால் இயற்பியல், பிறகு விருப்பப் பாடம், பின்னும் சமமென்றால் பிறந்த தேதி, எல்லாம் ஒத்துப்போனால் முன்கூட்டியே ஒதுக்கிய ரேண்டம் எண் என்று யார் விருப்பத்துக்கும் இடமில்லாத வரிசை வகுக்கப்பட்டது.

நுழைவுத் தேர்வின் குறை விரைவிலேயே தெரிந்தது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சி மையங்கள் நகரங்களில் இருந்தன. கட்டணம் கூலித் தொழிலாளி வீட்டுக்கு எட்டாது. 2005 ஜூனில் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வை ஆணையால் ஒழித்தது. அதே மாதம் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 2006-ல் சட்டமாகக் கொண்டுவந்தபோதும் அது நிற்கவில்லை. மு. கருணாநிதி அரசு கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையில் புதிய சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2007-ல் அது நடைமுறைக்கு வந்தது. உயர் நீதிமன்றமும் ஏற்றது.

வெவ்வேறு பாடத்திட்ட மாணவரை எப்படி ஒப்பிடுவது என்ற சிக்கலுக்கு அந்தச் சட்டம் சமன்செய்யும் முறையை வகுத்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியலின் முதல் மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தில் 90 என்றால் இரண்டும் 100-க்குச் சமம். அந்த வாரியத்தில் 60 எடுத்தவர் 66.66 எடுத்தவராகக் கொள்ளப்படுவார். எளிய கணக்குத்தான், ஆனால் எல்லா வாரியத்திலும் முதலிடத்தாரின் திறமை ஒன்றே என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது.

பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாமாக இருந்தது. அதன் பயனைக் கிராமத்துப் பிள்ளைகளும் பெற்றார்கள். அதைவிட வேகமாகப் பெற்றவை நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகள். பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு ஆண்டும் அதையே மனப்பாடம் செய்யவைத்து 200-க்கு 200 கட்-ஆஃப் எடுக்க வைத்தன. நுழைவுத் தேர்வு போனால் பயிற்சிச் சந்தை போகும் என்று எதிர்பார்த்தார்கள். சந்தை பள்ளிக்குள்ளேயே குடியேறியது. பதினொன்றாம் வகுப்பைப் பள்ளிகள் புறக்கணிப்பதைத் தடுக்க 2017-18 கல்வியாண்டில் அவ்வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் முடிவெடுக்கும் இடம் டெல்லிக்கு நகர்ந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான மருத்துவ நுழைவுத் தேர்வாக இந்திய மருத்துவக் கவுன்சில் 2010-ல் அறிவித்த நீட் தேர்வு 2013 மே மாதம் முதல்முறை நடந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. மாநிலங்களுக்கு ஓராண்டு அவகாசம் தந்த அவசரச் சட்டம் முடிந்ததும் 2017-ல் தமிழ்நாட்டுக்கும் நீட் வந்தது. விலக்குக் கோரிச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு 85 விழுக்காடு ஒதுக்கிய அரசாணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகஸ்ட் 22 அன்று, நீட் அடிப்படையிலேயே கலந்தாய்வு நடக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் தன்னையும் இணைத்துக்கொண்டிருந்த அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர்; சுமைத் தொழிலாளியின் மகள். பழைய முறையில் அவருக்கு மருத்துவ இடம் உறுதி. நீட் தேர்வில் 720-க்கு 86. செப்டம்பர் 1 அன்று அவர் இறந்த செய்தி மாநிலத்தை உலுக்கியது. இரண்டு அளவுகோல்களும் ஒரே மாணவியை எவ்வளவு வேறாக அளந்தன என்பதற்கு அவருடைய மதிப்பெண்களே சாட்சி.

நீட்டுக்குப் பின் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். நீதிபதி பி. கலையரசன் குழு இதை ஆராய்ந்து பரிந்துரைத்ததன் பேரில், 2020-ல் எடப்பாடி பழனிசாமி அரசு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேறியவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்தது. ஆளுநரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்த மசோதாவுக்கு முன்னதாக அக்டோபர் 29 அன்று அரசாணையாகவே அதை வெளியிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாக ஏறத்தாழ 400 பேர் முதல் ஆண்டிலேயே அதனால் இடம்பெற்றார்கள். 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022-ல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. படித்த பள்ளியின் வகையைச் சேர்க்கையில் ஒரு தகுதியாக வைக்கும் முயற்சி நீதிமன்றத்தைத் தாண்டி நின்றது இந்த ஒதுக்கீட்டில்தான். 1857-ல் கேட்கப்படாத 'பள்ளிக்கூடம் எது' என்ற கேள்வி சேர்க்கை விதியில் நிலைக்க 163 ஆண்டுகள் ஆயின.

நீட்டிலிருந்து முழு விலக்கு மட்டும் கிடைக்கவில்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையை வைத்து 2021 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் அரசு நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பொறியியலுக்குப் பிளஸ் டூ கட்-ஆஃப், மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண், இரண்டின் மேலும் 69 விழுக்காடு ஒதுக்கீடு, அதற்குள் அரசுப் பள்ளிக்கு 7.5 என்ற ஏற்பாட்டில் சேர்க்கை நடந்துவருகிறது.